கம்பி போன தடம்: கறவைப் பசுவில் சீழ்க்கட்டிய இதய உறை அழற்சி, கூறாய்வு முறையும் முடிவும்

6 வயதுக் கலப்பினப் பசு. மூன்றாம் ஈற்று, கன்று ஈன்று 23 நாள். ஈன்ற முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 14 லிட்டர் கறந்தது, இரண்டாம் வாரத்தில் 4 லிட்டருக்கு இறங்கிவிட்டது. தீவனம் பாதிதான் எடுத்தது, அசைபோடுவது குறைந்தது. உடல் வெப்பம் 40.1 டிகிரி செல்சியஸ். முதலில் செரிமானக் கோளாறு என்றும், பிறகு ஈற்றுக்குப் பிந்தைய கருப்பைத் தொற்று என்றும் கருதி மருத்துவம் நடந்தது. நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கியதும் காய்ச்சல் தணிந்து, 4 நாள் தீவனம் எடுத்தது. அதன்பின் தாடைக்கடியிலும் அலைதாடியிலும் வீக்கம் கண்டது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112. முழங்கைகளை விலாவை விட்டு விலக்கியே நின்றது. படுக்கத் தயங்கியது, சரிவில் இறங்கச் சொன்னால் முனகியது. 23ஆம் நாள் விடியலில் இறந்து கிடந்தது. சுமார் 7 மணி நேரம் கழித்துக் கூறாய்வு தொடங்கியது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதே அனுபவமுள்ள மருத்துவருக்கு, மாடு தீவனத்தோடு விழுங்கி, வயிற்றைத் துளைத்து இதய உறைவரை போகும் கம்பி நினைவுக்கு வந்துவிடும். வந்த பிறகும் கூறாய்வு மேடையில் காரணம் தவறிப்போவது உண்டு. கத்தியை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதில்தான் இந்த நோயின் சான்று தங்குவதும் அழிவதும் இருக்கிறது. தேன்கூட்டு வயிறு (மாட்டின் நான்கு வயிற்றறைகளில் ஒன்று), உதரவிதானம் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை), இதய உறை மூன்றையும் ஒன்றாக இணைத்திருக்கும் தடம் விரல் தடிமன்தான். வழக்கம்போல் நாக்கிலிருந்து தொடங்கி மூச்சுக்குழல், நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் வெளியே எடுத்தால் அந்தத் தடம் அறுந்துவிடும். பிறகு இதயத்தில் சீழும் வயிற்றில் ஒரு தழும்பும் தனித்தனியாகக் கிடக்கும். இரண்டையும் சேர்க்கும் சான்று மட்டும் இருக்காது.

வெளித்தோற்றம்

எடை நாடாவால் அளந்த உடல் எடை 410 கிலோ. உடல்நிலை மதிப்பு 5க்கு 2. கண் இமையின் உட்பகுதி நீலம் பாய்ந்திருந்தது. அலைதாடி வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, நிரம்ப நேரம் பிடித்தது. இருபக்கக் கழுத்துச் சிரைகளும் கயிறுபோல் புடைத்திருந்தன. இயற்கைத் துளைகளில் இரத்தக் கசிவு இல்லை, மரண விறைப்பு முழுமையாக இருந்தது; இரண்டும் அடைப்பான் நோய்க்கு (ஆந்த்ராக்ஸ்) எதிரான அடையாளங்கள். இருந்தும், இரவில் நன்றாயிருந்து காலையில் இறந்து கிடக்கும் எந்த மாட்டையும் திறக்குமுன் காதுச் சிரையில் ஒரு துளி இரத்தம் எடுத்து, பாலிகுரோம் மெத்திலின் நீலச் சாயமிட்டு அடைப்பான் நோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இந்தப் பசு 2 வாரமாக நோயுற்றிருந்தது உண்மைதான். அந்தக் காரணத்தைச் சொல்லி இந்தப் படியைத் தாண்டக் கூடாது. பூச்சு தெளிவாக இருந்த பிறகே கத்தி எடுக்கப்பட்டது.

திறப்பு

அசைபோடும் விலங்குகளுக்கு உரிய முறைப்படி சடலம் இடப்பக்கம் கீழாகக் கிடத்தப்பட்டது. வலது முன்னங்காலும் பின்னங்காலும் வெட்டிப் பின்புறம் சாய்க்கப்பட்டன. அலைதாடியின் தோலை உரித்தபோது அடியில் மஞ்சள் பாகு போன்ற நீர், 4 செ.மீ. தடிமனுக்கு. கத்தி பட்ட இடமெல்லாம் கசிந்தது.

வயிற்றறையைத் திறந்ததும் தெளிந்த வெளிர்மஞ்சள் நீர் வழிந்தது. அகப்பையால் அள்ளி அளந்ததில் 11 லிட்டர். அதில் நாற்றமும் இல்லை, ஃபைப்ரின் (அழற்சியில் உறைந்து படியும் புரதம்) இழைகளும் இல்லை. இந்தத் தெளிவு ஒரு முக்கியமான தகவல். நேற்று வயிறு துளைபட்டுத் தொற்று பரவியிருந்தால் நீர் கலங்கியிருக்கும். தெளிந்த நீர் சிரை அழுத்தம் உயர்ந்து கசிந்த நீர். ஆக, வயிற்றுக்குள் நடந்தது பழைய கதை. இப்போது ஓடிக்கொண்டிருந்தது மார்புக்குள்.

குடலைத் தொடுமுன் கையைக் கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையே கீழ்நோக்கி நுழைத்து, தேன்கூட்டு வயிற்றின் முன்சுவரைத் தடவிப் பார்க்க வேண்டும். இயல்பான பசுவில் கை தடையின்றி வழுக்கிப் போகும். இங்கே நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறம், உள்ளங்கை அகலத்துக்கு வயிறு உதரவிதானத்தோடு ஒட்டியிருந்தது. ஒட்டுதலின் நடுவே கெட்டியான தண்டு ஒன்று கையில் பட்டது. கை அங்கேயே நிற்க வேண்டும். பிய்த்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும், அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். சான்று போவது ஒருபுறம். சீழ் தோய்ந்த துருக்கம்பி கையுறையைத் துளைத்து விரலில் ஏறும் ஆபத்து மறுபுறம். சந்தேகமுள்ள சடலத்தில் இரட்டைக் கையுறையும், வெட்டுத் தாங்கும் உட்கையுறையும் அவசியம்.

மார்பறையைத் திறக்குமுன் உதரவிதானத்தின் மேற்பகுதியில் கத்தி முனையால் சிறு துளை. இயல்பாகக் காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்கும், விறைத்த தசைத்திரை தொய்யும். இங்கே ஓசை மெலிதாகத்தான் வந்தது. உள்ளே நீர் நிரம்பியிருப்பதற்கு அது முன்னறிவிப்பு. வலப்பக்க விலாக்களை நீக்கிய பிறகு மார்பறையில் இருபுறமும் சேர்த்து 6 லிட்டர் நீர் அளக்கப்பட்டது. நுரையீரலின் கீழ் விளிம்புகள் அழுந்திச் சுருங்கி, கருஞ்சிவப்பாக, தசைபோல் கெட்டியாக இருந்தன. ஒரு துண்டை நீரில் போட்டால் மூழ்கியது. மேற்பகுதித் துண்டு மிதந்தது.

இதய உறை விலாக்களுக்கிடையே பந்துபோல் உப்பி, வெண்சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது. இயல்பான உறை கண்ணாடித்தாள் போன்றது. உள்ளே இதயத்தின் கொழுப்பும் நாளங்களும் நிழலாகத் தெரியும். இங்கே எதுவும் தெரியவில்லை. உறையின் பின்கீழ் முனை உதரவிதானத்தோடு ஒட்டியிருந்தது, வயிற்றுப்பக்க ஒட்டுதலுக்கு நேர் எதிரே. அளவுகோல் வைத்து இருபக்கமும் படம் எடுக்கப்பட்டது.

ஒரே தொகுதியாக எடுத்தல்

இரண்டு பேர் தேவை. உணவுக்குழாய் உதரவிதானத்துக்கு மேலே இரட்டை முடிச்சிட்டு நடுவில் வெட்டப்பட்டது. பெருவயிற்றைத் திறந்து உள்ளடக்கத்தை வெளியேற்றி, தேன்கூட்டு வயிற்றை அதிலிருந்து பிரிக்கும் மடிப்புக்கு ஒரு சாண் பின்னால் சுவரைச் சுற்றி வெட்டினார்கள். ஒட்டுதலைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டு உதரவிதானம் வட்டமாக அறுக்கப்பட்டது. உறையை மார்பெலும்போடு கட்டும் இழைநார் எலும்பை ஒட்டியே வெட்டப்பட்டது. பெருந்தமனியும் பெருஞ்சிரைகளும் இதயத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி. தேன்கூட்டு வயிறு, உதரவிதான வட்டு, உறையோடு இதயம், நுரையீரல் நான்கும் ஒரே தொகுதியாகத் தட்டில் வந்தன. இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் 20 நிமிடம்.

உறையைத் திறக்குமுன் மாதிரி. சூடேற்றிய தகட்டால் உறையின் மேற்பரப்பைத் தீய்த்து, அந்த இடத்தில் 16 கேஜ் ஊசியைச் செலுத்தி 20 மி.லி. உறிஞ்சப்பட்டது. மெல்லிய ஊசி இந்தச் சீழில் அடைத்துக்கொள்ளும். காற்றில்லா நுண்ணுயிரி வளர்ப்புக்குப் போகும் சிரிஞ்சில் காற்றுக்குமிழை வெளியேற்றி மூடியிட்டு, அன்றே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குளிர்பெட்டியில் உறையவிடக் கூடாது. பஞ்சுக்குச்சி மாதிரி இங்கே மிகவும் பலவீனமானது. அதில் ஒட்டும் கொஞ்சத்தில் காற்றுக்கு அஞ்சும் கிருமிகள் வழியிலேயே செத்துவிடும்.

உறைக்குள்

முன்புறம் சிறு வெட்டிட்டு உள்ளடக்கம் அளவுகுவளையில் வடிக்கப்பட்டது: 4.2 லிட்டர். சாம்பல் கலந்த மஞ்சள், அழுகிய நாற்றம், குமிழ்கள், தயிர்க்கட்டி போன்ற ஃபைப்ரின் திரள்கள். திரவத்தோடு வாயுவும் இருந்தால்தான் உயிரோடிருக்கும்போது நெஞ்சில் காது வைத்தால் பானையில் நீர் அலம்பும் ஓசை கேட்கும். இந்தப் பசுவின் மருத்துவக் குறிப்பில் கடைசி 2 நாள் அப்படி ஓர் ஓசை எழுதப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய வாரக் குறிப்பில், இதய ஒலியோடு உரசல் ஓசை இருந்து பிறகு மறைந்ததாக இருந்தது. மறைந்ததை முன்னேற்றமாக எடுத்துக்கொள்வது இயற்கை. உண்மையில் சொரசொரத்த இரு படலங்களும் உரசும்வரைதான் அந்த ஓசை. நடுவில் நீர் சேர்ந்து அவற்றைப் பிரித்ததும் ஓசை நின்றுபோகும். காய்ச்சல் தணிந்த அந்த 4 நாளில் நடந்தது அதுதான்.

உறையின் தடிமன் 8 முதல் 14 மி.மீ. வெட்டுமுகத்தில் மூன்று பட்டை: வெளியே வெண்மையான நார்த்திசு, நடுவே சிவந்த ஈரமான புதுத்திசு, உட்புறம் மஞ்சள் ஃபைப்ரின். இதயத்தின் மேற்பரப்பு முழுக்கச் சடைசடையாக ஃபைப்ரின், 1 செ.மீ. வரை. வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளை ஒட்டிப் பிரித்தால் எப்படிக் கொம்பு கொம்பாக நிற்குமோ, அப்படி. மேலடுக்கு நகத்தால் உரிந்தது. அடியடுக்கு உரியவில்லை, இழுத்தால் கிழிந்தது. உரிவது புதியது, கிழிவது திசுவாக மாறத் தொடங்கியது. நுண்ணோக்கி வருமுன்னரே நோயின் வயதைச் சொல்லும் எளிய சோதனை இது.

இப்போது தடம். உறையின் பின்முனையில் ஃபைப்ரினை விலக்கியபோது கருத்த ஒரு முனை, 18 மி.மீ. நீளத்துக்கு உறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் இதயத்தின் மேற்பரப்பில் பயறளவு குழி, விளிம்பு வெளிறியிருந்தது. துளை இதய அறைவரை போகவில்லை. போயிருந்தால் உறைக்குள் இரத்தம் நிறைந்து பசு நிமிடங்களில் விழுந்திருக்கும், இந்த 2 வார நோயே இருந்திருக்காது. தண்டை நீளவாக்கில் பிளந்ததும் கம்பி முழுதாகத் தெரிந்தது: நீளம் 68 மி.மீ., தடிமன் 2 மி.மீ., ஒரு முனை கூர், மறுமுனை கொக்கிபோல் வளைந்தது. மேற்பரப்பு துருவால் அரித்து, கருமையான சேறுபோன்ற பூச்சோடு இருந்தது. தடத்தின் உட்சுவரும் அதே கருமை. வளைந்த முனை உதரவிதானத் தசையில் மாட்டியிருந்தது. கம்பி வயிற்றுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றதற்கு அந்தக் கொக்கியே காரணம்.

தேன்கூட்டு வயிற்றைத் திறந்து அறைகளை நீரால் அலசிச் சல்லடையில் வடித்ததில் 2 சிறு ஆணி, 1 கல், மணல். உட்சுவரில், தடம் தொடங்கிய இடத்தில், நட்சத்திர வடிவத் தழும்பு மட்டும். துளை மூடியிருந்தது. அந்த 2 ஆணிகளை முக்கியமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மாடு தீவனத்தை உதட்டால் ஆராய்ந்து பொறுக்கித் தின்பதில்லை. எனவே நலமான மாட்டின் தேன்கூட்டு வயிற்றிலும் இரும்பு கிடைக்கும். வயிற்றில் ஆணி கிடந்ததை வைத்து மட்டும் இந்த நோயை எழுதுவது தவறு. அதேபோல், கம்பி கிடைக்காததால் இந்த நோய் இல்லை என்று எழுதுவதும் தவறு. துருப்பிடித்துக் கரைந்திருக்கலாம், வயிற்றுக்கே திரும்பியிருக்கலாம். கருத்த உட்சுவருள்ள தடம் இருந்தால் அதுவே போதும்.

இதயம்

ஃபைப்ரினை நீக்கி, இரத்தக் கட்டிகளைக் கழுவிய பின் எடை 2.1 கிலோ. உடல் எடையில் சுமார் 0.5 விழுக்காடு. மாட்டுக்கு இது இயல்பு. இரத்தம் ஓடும் வழியிலேயே திறக்கப்பட்டது: வலது மேலறை, மூவிதழ் வால்வு, வலது கீழறை, நுரையீரல் தமனி, பிறகு இடது மேலறை, ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி. வலது கீழறைச் சுவர் 9 மி.மீ., இடது 27 மி.மீ. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் குலையவில்லை. வால்வுகள் வழுவழுப்பாக, முண்டுகள் இல்லாமல் இருந்தன. மாட்டில் வால்வு அழற்சி பெரும்பாலும் மூவிதழ் வால்வில்தான் வரும். கழுத்துச் சிரைப் புடைப்பும் அலைதாடி வீக்கமும் அதிலும் இப்படியே இருக்கும் என்பதால் அந்த வால்வை விரித்துப் பார்க்காமல் விடக்கூடாது. வலது மேலறைச் சுவரில் வெண்மையான, மீன்சதை போன்ற கட்டி இல்லை. வெள்ளணுப் புற்றுக்கு மாட்டின் இதயத்தில் பிடித்த இடம் அது.

பெருந்தமனியின் அடியில் கத்தி எலும்பில் இடித்தது. மாட்டுக்கு அங்கே இதய எலும்பு இருப்பது இயல்பு. இதய உட்படலத்தில் சில இரத்தப் புள்ளிகள் இருந்தன. சாகும் தருணத்தில் பல விலங்குகளில் தோன்றுபவை அவை. குறித்துக்கொள்ளலாம், காரணமாக்கக் கூடாது. வலது கீழறையில் நாவல்பழக் களிபோன்ற இரத்தக் கட்டி இருந்தது. பளபளப்பாக, சுவரில் ஒட்டாமல், அறையின் அச்சாகவே கழன்று வந்தது. மரணத்துக்குப் பின் உறைந்தது. உயிரோடிருக்கையில் உண்டான கட்டி மங்கலாக, எளிதில் நொறுங்குவதாக, சுவரைப் பற்றியதாக இருக்கும்.

கல்லீரல் 8.4 கிலோ, விளிம்பு மழுங்கியது. வெட்டுமுகம் சாதிக்காயை உடைத்தாற்போல் கருஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் பின்னியது. மண்ணீரல் இயல்பு. சிறுநீரகத்தில் தேக்கம் மட்டும், தெறித்த சீழ்ப்புள்ளிகள் இல்லை. கருப்பை சுருங்கி, சுத்தமாக இருந்தது. மார்பு நிணநீர்க் கணுக்களில் பாலாடைக்கட்டி போன்ற மையமோ, வெட்டும்போது மணல் நெருடலோ இல்லை. உறை தடித்த மாட்டில் காசநோயை விலக்க இந்தக் கணுக்களைச் சீவிப் பார்த்தே ஆகவேண்டும்.

நுண்ணோக்கியும் வளர்ப்பும்

உறை, இதயச் சுவர்கள், இடது கீழறையின் காம்புத்தசை, தடத்தின் இரு முனைகள், கல்லீரல் ஆகியவற்றிலிருந்து 1 செ.மீ. தடிமனுக்கு மிகாத துண்டுகள், அவற்றின் அளவைப்போல் 10 மடங்கு ஃபார்மலினில் (10 விழுக்காடு, நடுநிலை) இடப்பட்டன. உறைத் துண்டை அட்டையில் விரித்துப் பொருத்தாமல் போட்டால் சுருண்டுவிடும், அடுக்கு வரிசை புரியாமல் போகும்.

இதயத் தசையில் மேற்பரப்பிலிருந்து 2 முதல் 3 மி.மீ. வரை அழற்சி அணுக்கள், சுருங்கிய இழைகள். அதற்குக் கீழே தசை நன்றாயிருந்தது. கல்லீரலில் நுண்மடல்களின் மையத்தில் நாளங்கள் விரிந்து, அணுக்கள் நசுங்கியிருந்தன. உறைச் சீழின் கிராம் பூச்சில் (நுண்ணுயிரிகளை நிறத்தால் நேர்க்குறி, எதிர்க்குறி என்று பிரிக்கும் சாயப் பூச்சு) நேர்க்குறிக் குறுங்கோல் வடிவ நுண்ணுயிரிகளும் எதிர்க்குறி நீளிழை வடிவ நுண்ணுயிரிகளும். இரத்த அகாரில் (இரத்தம் கலந்த வளர்ப்புக் கூழ்) 48 மணி நேரத்தில் தெளிந்த வளையத்தோடு ஊசிமுனைத் திட்டுகளாக ட்ரூபெரெல்லா பயோஜீனஸ்; காற்றில்லா வளர்ப்பில் ஃபுசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். இரண்டும் வயிற்றிலிருந்து கம்பி சுமந்துவரும் வழக்கமான கூட்டாளிகள்.

அதிகம் சொன்னது தடத்தின் இரு முனைகள்தான். வயிற்றுப்பக்க முனையில் நெருங்கிய முதிர்ந்த நார்த்திசு, இரத்த நாளங்கள் குறைவு. உறைப்பக்க முனையில் தளர்ந்த புதுத்திசு, மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் இளம் நாளங்கள், இடையே நியூட்ரோஃபில்கள் (சீழில் மிகுந்திருக்கும் வெள்ளணுக்கள்). ஒரே தண்டுக்கு இரண்டு வயது. வயிற்றுச்சுவரைக் கம்பி துளைத்தது பல வாரங்களுக்கு முன், பசு நிறைசினையாக இருந்தபோது. உறைக்குள் நுழைந்தது 2 முதல் 3 வாரத்துக்கு முன், அதாவது ஈற்றை ஒட்டி. நிறைசினையில் கருப்பை வயிறுகளை முன்னோக்கித் தள்ளுகிறது. ஈனும்போது முக்குவதால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. தேன்கூட்டு வயிற்றுக்கும் இதய உறைக்கும் நடுவில் இருப்பது உதரவிதானமும் சில செ.மீ. இடைவெளியும்தான். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த கம்பிக்குக் கடைசி உந்தல் ஈற்றில் கிடைத்திருக்கிறது.

மரணம் நேர்ந்த விதம்

உறைக்குள் நீர் ஏற ஏற முதலில் நசுங்குவது சுவர் மெலிந்த, அழுத்தம் குறைந்த வலப்பக்க அறைகள். இதயம் சுருங்குவதில் குறையில்லை, விரிய இடமில்லை. சிரை இரத்தம் உள்ளே போக முடியாமல் பின்னே தேங்குகிறது. கழுத்துச் சிரை புடைக்கிறது, கல்லீரல் வீங்குகிறது, அலைதாடியிலும் வயிற்றிலும் மார்பிலும் நீர் கோக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைய, துடிப்பின் எண்ணிக்கையை உயர்த்தி உடல் ஈடுகட்டப் பார்க்கிறது. 112 என்ற நாடி அந்தப் போராட்டம். கூடவே சீழின் நச்சு. நுண்ணுயிர்க்கொல்லி காய்ச்சலைத் தணிக்கும். 14 மி.மீ. சுவருக்குள் அடைபட்ட 4 லிட்டர் சீழையும் அதில் கிடக்கும் கம்பியையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அறிக்கையில் மரணக் காரணம் என்ற வரியில் ‘இதயச் செயலிழப்பு’ என்று மட்டும் எழுதுவது போதாது. எதனால் என்ற கேள்விக்கு அது விடை தராது. இந்த நிகழ்வில் எழுதப்பட்டது: ‘தேன்கூட்டு வயிற்றிலிருந்து ஊடுருவிய இரும்புக் கம்பியால் உண்டான, சீழும் ஃபைப்ரினும் கலந்த இதய உறை அழற்சி, அதன் விளைவாக இதயம் நசுங்கி, வலப்பக்கத் தேக்கச் செயலிழப்பு.’ அளவுகள், படங்களின் எண்கள், வளர்ப்பு முடிவு ஆகியவை இணைக்கப்பட்டன. கம்பி கழுவப்படாமல் மூடிய புட்டியில், குறிச்சீட்டோடு வைக்கப்பட்டது.

கம்பியை மாட்டுக்காரரிடம் காட்டுவதும் கூறாய்வின் பகுதிதான். எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே அதிகம் தெரியும்: வேலிக் கம்பியா, கட்டுக்கம்பியா, குழித்தீவனத்தின் மேல் பாரமாக வைத்த பழைய டயரின் இழையா. அதே தீவனம் தின்ற மற்ற மாடுகளில் நிறைசினைப் பசுக்களையே முதலில் பார்க்க வேண்டும்: முதுகுத்திமிலை அழுத்தினால் குனிய மறுக்கிறதா, முனகுகிறதா, காரணமின்றிப் பால் இறங்கியதா. காந்தம் விழுங்கக் கொடுப்பது வயிற்றுக்குள் இன்னும் துளைக்காமல் கிடக்கும் இரும்பைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே சுவரைக் கடந்து போன கம்பியை அது திருப்பி இழுக்காது. செம்பு, அலுமினியக் கம்பிகளைத் தொடவே தொடாது.